வண்ணம் பூசாத வால்

ஜாலான் புசாரில் குடை ரிப்பேர் செய்துகொண்டிருந்த ஒரு மனிதர்மேல் நான் ஆறு வருடம் பொறாமைப்பட்டேன். அவரிடம் சொத்து எதுவும் இல்லை. ஆளும் அப்படியொன்றும் பார்க்க லட்சணமானவர் இல்லை. இங்கிலீஷில் ஓர் எழுத்துக்கூடத் தெரியாது. அவர் மரத்தில் செய்த பறக்கும் படகுகள்தான் காரணம்.

பெயரை எழுதப் போவதில்லை. அவருடைய பிள்ளைகள் இந்த ஊரில்தான் இருக்கிறார்கள். நான் சொல்லப்போகிற தப்பும் அவருடையதல்ல, என்னுடையது. தெருவில் எல்லாரும் அவரை பாய் என்றே கூப்பிட்டார்கள். இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

ஜப்பான்காரன் வருவதற்குச் சில வருடங்கள் முந்தைய சிங்கப்பூர் அது. கடலில் இறங்கிக் கடலிலிருந்தே கிளம்பும் விமானங்கள் செலிட்டார் பக்கம் வந்து போய்க்கொண்டிருந்த காலம். பெரிய படகு ஒன்றுக்கு இறக்கை முளைத்தது போல இருக்கும். நான் சிராங்கூன் ரோட்டில் ஒரு போட்டோ ஸ்டூடியோவில் இருட்டறை வேலை பார்த்தேன். படச்சுருளைக் கழுவுவதும் பிரதி எடுப்பதும்தான் வேலை. ஏழாம் ஸ்டாண்டர்டு வரை இங்கிலீஷ் படித்திருந்தேன். கோடு பிசகாமல் வரைய வரும். ஓய்வு நேரத்தில் மரத்தில் சின்னச் சின்ன விமானங்கள் செய்து வண்ணம் பூசி ஸ்டூடியோ வாசலில் வைப்பேன். நின்று பார்க்காமல் போகிறவர் குறைவு. சிங்கப்பூர்த் தமிழர்களில் இந்த வேலை தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்ற நினைப்பு எனக்கு நிறையவே இருந்தது.

ஒரு மழைநாளில் காற்று என் குடையைப் புரட்டிப் போட்டது. பக்கத்துத் தெருவில் யாரோ நன்றாகச் சரிசெய்வார் என்று சொன்னார்கள். போனேன். ஒரு இரும்புச் சாமான் கடையின் வெளியே, அஞ்சடி என்று சொல்லும் கூரை போட்ட நடைபாதையில், தூணுக்கும் சுவருக்கும் நடுவே அவருடைய கடை. பல்லில் ஒரு குடைக் கம்பியைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தலைக்கு மேலே பழைய குடைகள் தொங்கின. அவற்றுக்கு நடுவே ஏழெட்டுப் பறக்கும் படகுகளும் தொங்கின.

நான் குடையை நீட்ட மறந்து அண்ணாந்து நின்றேன். ஒன்றுகூட எனக்குத் தெரிந்ததாக இல்லை. ஒன்றுக்கு மூன்று அடுக்கு இறக்கை. இன்னொன்றுக்கு இரண்டு உடல்கள், நடுவில் ஆட்கள் இருக்கும் கூண்டு. ஒன்றின் விசிறி பின்னால் பார்த்துக்கொண்டிருந்தது. எல்லாம் முன்கை நீளம்தான். ஆனால் பார்த்த கண்ணுக்கு அவை சின்னதாகத் தெரியவில்லை. எங்கோ தூரத்தில் நிஜமான ஒன்று நிற்பது போலத் தெரிந்தது. என்னுடையவை பொம்மைகள் என்பது அந்த நிமிடம் எனக்குத் தெரிந்துபோயிற்று. மனிதனுக்கு அப்படித் தெரிகிற நிமிடம் நல்லதல்ல.

"இதெல்லாம் எந்த ஊர் விமானம் பாய்?" என்றேன்.

"தெரியாதுண்ணே. சிலது ஒரே ஒருவாட்டி பறந்துட்டு முங்கிப் போயிருக்கும். சிலது அதுகூட இல்ல. யாரும் செய்யமாட்டாங்கல்ல, அதான் நான் செய்யறேன்."

என்னைவிட இரண்டு வயது மூத்தவர். ஆனாலும் முதல் நாளிலிருந்தே என்னை அண்ணே என்றுதான் கூப்பிட்டார். அதுகூட எனக்குப் பிடிக்கவில்லை.

மூன்றடுக்கு இறக்கைக்காரனின் மூக்கு மட்டும் வண்ணம் இல்லாமல் வெறும் மரமாக நின்றது. இன்னொன்றுக்கு ஒரு பக்கத்து மிதவை அப்படி. வேலை முடியவில்லையா என்று கேட்டேன்.

"முடிஞ்சிருச்சு. அந்த எடத்த நான் பாக்கல. படத்துல ஒரு ஆள் மறைச்சிட்டு நிக்கிறான். பாக்காததுக்கு எப்படிண்ணே பெயின்ட் அடிக்கிறது?"

அவருடைய குணம் முழுக்க அந்தப் பதிலில் இருந்தது. அதைப் புரிந்துகொள்ள எனக்கு வருடங்கள் ஆயின.

சுங்கை ரோட்டுப் பழைய சாமான் சந்தையில், கிழிந்த வெளிநாட்டுப் பத்திரிகைகளை வாரத்துக்கு ஒருமுறை பொறுக்கிக்கொண்டு வருவார். மங்கலான ஒரு படம் கிடைத்தால் போதும். முதலில் அதைத் தலைகீழாகப் பிடித்துப் பார்ப்பார். ஏன் என்று கேட்டதற்கு, "நேராப் பாத்தா ஏரோப்ளேன்னு மனசு சொல்லிரும். அப்பறம் மனசுல இருக்கிற ஏரோப்ளேனத்தான் பாப்போம். தலகீழா வெச்சா என்ன இருக்கோ அது மட்டும் தெரியும்" என்றார். பிறகு அளவு. படத்தில் எங்கேயாவது ஒரு பெட்ரோல் டின் இருக்கிறதா என்று தேடுவார். எல்லா ஊரிலும் டின் ஒரே உயரம்தானே. அதை வைத்து இறக்கை எத்தனை அடி, உடல் எத்தனை அடி என்று நூல் பிடித்துக் கணக்குப் போட்டுவிடுவார். நிஜத்தில் ஓர் அடி என்றால் அவருடைய மரத்தில் கால் அங்குலம். உடலுக்கு ஜெலுத்தோங் மரம், இறக்கைகளைத் தாங்கும் குத்துக்கம்பிகளுக்குக் குடைக் கம்பி, இறக்கைக்கு மேல் சீமாட்டிகளின் பழைய குடைப் பட்டு. ஜன்னலுக்குக் கண்ணாடிபோல ஏதாவது வேண்டும் என்று என்னிடம் கேட்டார். கெட்டுப்போன படச்சுருளைச் சுடுநீரில் கழுவினால் தெளிவான தகடு கிடைக்கும். கொண்டுபோய்க் கொடுத்தேன். கீறல் விழுந்த துண்டுகளாகப் பார்த்துத்தான் கொடுத்தேன்.

அதற்குக் கைமாறு போல நான் ஒன்று செய்தேன். படங்களுக்குக் கீழே இங்கிலீஷில் என்ன போட்டிருக்கிறது என்று வாசித்துச் சொல்வேன். வாரம் ஒருநாள் ஸ்டூடியோவை மூடிவிட்டுப் போய் உட்காருவேன். அதில் எனக்கு ஒரு சின்ன மேட்டிமை. ஒருநாள் அவரைச் சோதித்துப் பார்க்கலாம் என்று ஒரு கெட்ட எண்ணம் வந்தது. இத்தாலிக்காரர்களின் படகு என்று அச்சிட்டிருந்ததை, பிரெஞ்சுக்காரர்களுடையது என்று முகம் மாறாமல் வாசித்தேன்.

அவர் படத்தைத் திருப்பி ஒருமுறை பார்த்தார். "இல்லண்ணே. இது இத்தாலிக்காரன் வேலதான். அடிவயித்துல படி வெட்டியிருக்கிற விதத்தப் பாருங்க. பாவம், அச்சுக் கோத்தவன் மாத்திப் போட்டுட்டான் போல இருக்கு."

என்மேல் சந்தேகமே வரவில்லை அவருக்கு. திட்டியிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

என் மனைவி ஒருமுறை அந்தப் பக்கம் போனபோது அவர் செய்தவற்றைப் பார்த்துவிட்டு வந்தாள். சோறு போட்டபடியே சொன்னாள்: "பாய் செஞ்சதப் பாத்தா அதுல ஏறி உக்காந்து ஊருக்குப் போயிரலாம் போல இருக்குங்க."

"என்னோடது?"

கொஞ்சம் யோசித்தாள். "உங்களோடது நல்லாப் பளபளன்னு இருக்கு."

அன்று ரசம் ஊற்றிக்கொள்ளாமல் எழுந்துவிட்டேன்.

பாயோடு பழகி ஆறாவது வருடம், ஒரு சங்கத்தின் மண்டபத்தில் கைவேலைக் கண்காட்சி என்று அறிவித்தார்கள். விமான மாதிரிகளுக்குத் தனிப் பரிசு, ஒரு வெள்ளிக் கோப்பை. அந்தச் சமயத்தில்தான், எங்கிருந்தோ புறப்பட்டு ஜாவாவுக்குப் போகிற வழியில், ஒரு பறக்கும் படகு பழுதாகிச் செலிட்டார் பக்கம் நிற்கிறது என்று செய்தி வந்தது. இதுவரை யாரும் பார்த்திராத மாதிரியாம். ஞாயிற்றுக்கிழமை நானும் பாயும் கொசு பஸ் என்கிற குட்டி பஸ்ஸில் தொற்றிக்கொண்டு பொங்கோல் முனைக்குப் போனோம். அங்கே ஒரு மலாய்க்காரரின் சம்பான் தோணியைப் பேசி எடுத்துக்கொண்டு, எவ்வளவு தூரம் விடுவார்களோ அவ்வளவு தூரம் போனோம்.

வெள்ளைப் படகு. இரண்டடுக்கு இறக்கை. மேல் இறக்கையைவிடக் கீழ் இறக்கை பாதிதான் இருந்தது. எஞ்சின்கள் ஒன்றுக்குப் பின் ஒன்றாக, நடு உயரத்தில் கம்பிகள்மேல் உட்கார்ந்திருந்தன. ஆனால் வால் முழுவதும் பெரிய தார்ப்பாயால் மூடியிருந்தது. அதற்குள்தான் பழுதுபார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நான் காகிதத்தில் வரைந்துகொண்டே இருந்தேன். பாய் எதுவும் வரையவில்லை. இரண்டு மணி நேரம் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். அலை சம்பானைத் திருப்பும்போதெல்லாம் தலையையும் திருப்பிக்கொண்டார். காவல் லாஞ்சு வந்து கையை ஆட்டி விரட்டியது.

"அந்தத் துணியக் கொஞ்சம் தூக்குனா என்னலா இவனுங்களுக்கு!" என்று மலாய்க்காரரிடம் புலம்பினார். அவருக்குத் தமிழ் புரியாவிட்டாலும் பாயின் முகத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டார்.

செவ்வாய்க்கிழமை அது பறந்து போய்விட்டது. நான் இருட்டறையில் இருந்தேன். பாய்க்கு மேகத்துக்குள்ளிருந்து சத்தம் மட்டும் கேட்டதாம்.

மறுநாள் முதலாளி ஒரு படச்சுருளை என்னிடம் கொடுத்தார். அந்தப் படகில் வந்த ஒருவன் கொடுத்துவிட்டுப் போனதாம். கழுவிப் பிரதி எடுத்து ஜாவாவுக்குத் தபாலில் அனுப்ப வேண்டும். எட்டுப் படங்கள். ஆறாவது படம் சிவப்பு விளக்கின் கீழே தட்டில் மெல்ல எழும்பி வந்தது. ரங்கூனோ பினாங்கோ, ஏதோ ஒரு துறைமுகம். தார்ப்பாய் இல்லை. வால் முழுவதும் தெரிந்தது. இரண்டு சுக்கான், நடுவில் சின்னதாக மீன் துடுப்பு போல ஒரு தகடு, அதன் கீழே யாரும் நினைத்திருக்க முடியாத ஒரு குட்டி இறக்கை. அருகில் ஒருவன் பெட்ரோல் டின்மேல் கால் வைத்து நின்றான்.

முதலில் தோன்றியது, பாயிடம் ஓட வேண்டும் என்பதுதான். இதைச் சொல்லிக்கொள்ள எனக்கு உரிமை இருக்கிறது. அந்த எண்ணம் எனக்கு உண்மையாகவே வந்தது. கை துடைத்துக்கொள்ளும் நேரம்தான் அது நீடித்தது. இன்னொரு பிரதி எடுத்தேன். முதலாளிக்குத் தெரியாமல் காகிதப் பெட்டியின் அடியில் செருகினேன். அந்த வாரம் பாயின் கடைக்குப் போனேன். அவர் வாலுக்கான கட்டையைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"எங்கயாச்சும் ஒரு படம் வரும்ணே. எவனாவது எடுத்திருப்பான்" என்றார்.

"வரும் பாய், வரும்" என்றேன்.

கண்காட்சியில், அந்த வெள்ளைப் படகைப் பார்த்து நாங்கள் ஆளுக்கொன்றாகச் செய்த இரண்டு படகுகளும் ஒரே மேசையில் இருந்தன. அவருடையதன் முன்பாதியைப் பார்த்தவர்கள் குரலைத் தாழ்த்திப் பேசினார்கள். வாலருகே வந்ததும் முகம் சுளித்தார்கள். அங்கே ஒரு கட்டை மட்டும், வழுவழுப்பாக இழைத்து, வண்ணமில்லாமல் நின்றது. தீர்ப்புச் சொன்னவர் சங்கக் காரியங்களைக் கவனித்துவந்த, வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு வெள்ளைக்கார எஞ்சினியர். பாயின் படகை நெடுநேரம் பார்த்தார். முடிக்காத வேலைக்குப் பரிசு கொடுக்க விதியில் இடமில்லை என்று சொல்லிவிட்டு, கோப்பையை என்னிடம் கொடுத்தார். தார்ப்பாய் மூடியிருந்த வாலை எப்படிக் கண்டுபிடித்தாய் என்று கேட்டார். முன்பக்கத்தைப் பார்த்து ஊகித்தேன் என்றேன். அவர் அதை ஒரு அட்டையில் எழுதி என் படகின் முன்னால் வைக்கச் சொன்னார். சங்கத்தின் கண்ணாடி அலமாரியில் அது இனி நிரந்தரமாக இருக்கும் என்றார்கள்.

கூட்டம் கலைந்த பிறகு பாய் என் படகின் பின்னால் வந்து குனிந்தார். நெடுநேரம் நிமிரவில்லை.

"அண்ணே. இது சரியா இருக்கு" என்றார். "இந்தக் குட்டி எறக்க இல்லேன்னா அந்த எஞ்சின் பாரத்துக்கு வால் தூக்கிரும். இப்பத்தான் புரியுது. இத எங்க பாத்தீங்க?"

"பாக்கல. யோசிச்சேன்."

அவர் என்னைப் பார்த்த பார்வையில் சந்தேகம் இருந்திருந்தால் நான் தாங்கியிருப்பேன். இல்லை. என் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டார். "மாஷா அல்லாஹ். பாக்காமலே தெரியுது உங்களுக்கு" என்றார்.

அதன்பிறகு அவர் தெரு முழுக்க என் புகழைப் பாடினார். குடை கொடுக்க வந்தவர்களிடமெல்லாம், விமானம் பார்க்கணும்னா ஸ்டூடியோவுக்குப் போங்க என்று அனுப்பிவைத்தார். தலைக்கு மேல் தொங்கிய படகுகளைக் கழற்றி உள்ளே வைத்துவிட்டார். சுங்கை ரோட்டுக்குப் போவது நின்றது. வெறும் குடை மட்டும்தான் பார்த்தார்.

எனக்குக் காரணம் தெளிவாகத் தெரிந்தது. பொறாமை. என் நோய் கடைசியில் அவருக்கும் வந்துவிட்டது என்று நினைத்தேன். அந்த நினைப்பில் ஒரு மாதம் நன்றாகத் தூங்கினேன், நன்றாகச் சாப்பிட்டேன். என் மனைவிதான் கேட்டாள், "பாய் ஏங்க இப்படி இளைச்சுட்டாரு? பாவமா இருக்கு" என்று. எனக்கு அதுவும் இனித்தது. எவ்வளவு கேவலமான ஆளாக இருந்தேன் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நாலைந்து மாதம் கழித்து ஒரு மத்தியானம் அவரே ஸ்டூடியோவுக்கு வந்தார். அதுவரை அவர் அங்கே வந்ததில்லை. கக்கத்தில் ஒரு காகிதம். பிரித்தார். பாதி கிழிந்த ஒரு பத்திரிகைப் படம். ஒரு பறக்கும் படகின் பின்பாதி மட்டும் இருந்தது.

"அண்ணே, உங்கள தொந்தரவு பண்றேன். இதோட முன்பக்கம் எப்படி இருக்கும்னு சொல்லுங்க. நீங்க எப்படி யோசிக்கிறீங்கன்னு பக்கத்துல இருந்து பாக்கணும். அது மட்டும் போதும்."

பென்சிலை எடுத்தேன். ஒரு கோடு போட்டேன், அழித்தேன். இன்னொரு கோடு. அவர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார், தொழுகைக்கு நிற்பவர் போல அசையாமல். கால் மணி நேரம் அப்படிப் போயிருக்கும். பென்சிலை வைத்துவிட்டு உள்ளே போய், காகிதப் பெட்டியின் அடியிலிருந்த பிரதியை எடுத்துவந்து அவர் முன்னால் போட்டேன்.

"யோசிக்கல பாய். பாத்துத்தான் செஞ்சேன். கண்காட்சிக்கு முன்னாடியே இது எங்கிட்ட இருந்துச்சு."

அவர் படத்தை எடுத்தார். தலைகீழாகத் திருப்பினார். அந்த நேரத்திலும் அதைத்தான் செய்தார். பிறகு ஸ்டூடியோ ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்து முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். அழுகிறார் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

"அல்ஹம்துலில்லாஹ்! பாக்காம செய்யவே முடியாது. நான் சொன்னது சரிதானே? முடியாதுதானே?"

"முடியாது பாய்."

"அஞ்சு மாசமா நான் சோறு தின்னலண்ணே. பாக்காமலே ஒருத்தருக்குச் சரியா வரும்னா, இத்தன வருஷமா மூக்கையும் மிதவையையும் வெறும் கட்டையா விட்டு வெச்சேனே, நான் எவ்வளவு பெரிய முட்டாள்னு நெனச்சு நெனச்சு... உளியத் தொடவே மனசு வரல."

நான் பொறாமை என்று நினைத்து மகிழ்ந்தது இதைத்தான்.

"என்மேல கோவம் இல்லையா?" என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். அப்போதுதான் என்னைப் பற்றி யோசிப்பது போல. முகம் மெல்ல மாறியது. "இருக்கு. நெறயா இருக்கு" என்றார். "கோப்பைய நீங்களே வெச்சுக்கங்க. எனக்கு வேணாம். ஆனா அந்த அட்டை, ஊகிச்சு செஞ்சதுன்னு எழுதியிருக்கே, அத மாத்தணும். நாளைக்கு எவனாவது அதப் படிச்சிட்டு, சரி, நம்மளும் இஷ்டத்துக்குச் செய்யலாம்னு ஆரம்பிச்சிருவான். நீங்கதான் போய்ச் சொல்லணும். நான் சொன்னா பொறாமைன்னுவாங்க."

படத்தைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு போனார். வாசல்வரை போய்த் திரும்பினார். "வால்ல நீளம் ரெண்டு நூல், கால் அங்குலம், கூட வெச்சிட்டீங்க. டின்ன அளந்திருக்கணும்" என்றார்.

மூன்று நாள் போகாமல் இருந்தேன். நாலாம் நாள் சங்கத்துக்குப் போனேன். எஞ்சினியரிடம், நான் செய்ததை ஒளிக்காமல் சொன்னேன். வேலை செய்கிற இடத்தில் திருடிய படம் என்பதையும் சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். இதை அப்படியே விட்டுவிடலாம், யாருக்கும் நஷ்டமில்லை என்றார். விட முடியாது என்றேன். கோப்பையைப் பையிலிருந்து எடுத்து அவர் மேசைமேல் வைத்தேன். அவர் புதிய அட்டை எழுதினார்: புகைப்படத்தைப் பார்த்துச் செய்தது. நான் கேட்டுக்கொண்டபடி அடியில் இன்னொரு வரியும் சேர்த்தார்: வால் இரண்டு நூல் அதிக நீளம்.

வெளியே வந்தபோது உடம்பு லேசாக இருந்தது. என் வாழ்நாளில் அப்படியொரு காரியம் அதற்கு முன்னும் செய்ததில்லை, பின்னும் செய்ததில்லை. ஜாலான் புசாருக்கு நடையும் ஓட்டமுமாகப் போனேன். பாய் குனிந்து வேலை செய்துகொண்டிருந்தார். அந்தக் குட்டி இறக்கையைக் கண்ணாடிச் சில்லால் சுரண்டிக்கொண்டிருந்தார். படம் அவர் முழங்காலருகே தலைகீழாகக் கிடந்தது.

"மாத்திட்டேன் பாய். கோப்பையையும் திருப்பிக் குடுத்துட்டேன்."

"நல்லதுண்ணே" என்றார். நிமிரவில்லை.

நின்றேன். மன்னித்தேன் என்பாரா, இனி வராதே என்பாரா என்று காத்திருந்தேன். குடை கொடுத்திருந்த ஒருத்தி வந்து கேட்டாள். நாளைக்கு வா என்று கையாலேயே சொல்லி அனுப்பினார். மரத்தூளை ஊதினார். வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்து ஒற்றைக் கண்ணால் பார்த்தார். மறுபடி குனிந்தார். கோபம் நிறைய இருக்கிறது என்று சொன்ன அந்த மனிதருக்கு அதைக் காட்ட நேரமில்லை. நான் அங்கே நிற்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்ற அந்த நேரத்தில், அதற்கு முந்தைய ஆறு வருடத்தில் ஒருநாளும் இல்லாத அளவுக்கு எனக்குப் பொறாமையாக இருந்தது.